விடச் சொன்ன பிறகு என்ன செய்கிறீர்கள்? புகையிலையும் நம் ஓபியும்

#1 | என்சிடி சிஸ்டர்

வணக்கம். தென்காசிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய் (என்சிடி) பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பிரஷர், சுகர் மாத்திரை வாங்க வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். எங்கள் ஊர்ப்பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும்: பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுவார்கள், ஆண்கள் பீடி பிடிப்பார்கள், பாட்டிமார் வெற்றிலையோடு புகையிலை போடுவார்கள். ஒரே வீட்டில் மூன்றும் நடக்கும்.

வீடு வீடாகப் போகும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர்கள் முப்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஒரு படிவம் நிரப்புகிறார்கள். அதில் புகையிலைக் கேள்வி இருக்கிறது. பழக்கமே இல்லை என்றால் 0, முன்பு இருந்தது அல்லது எப்போதாவது என்றால் 1, தினமும் என்றால் 2. மொத்த மதிப்பெண் 4-ஐத் தாண்டினால் முதலில் இங்கே அனுப்ப வேண்டும். சரி, அனுப்புகிறார்கள். நாங்களும் பிரஷர் பார்க்கிறோம், சுகர் பார்க்கிறோம், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறோம். பிரஷர் 160 என்றால் மாத்திரை உண்டு. புகையிலைக்கு 2 என்றால்? "விட்டுருங்கய்யா" என்கிறோம். "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டுப் போகிறார். அடுத்த மாதமும் சட்டைப்பையில் அதே பீடிக்கட்டு.

பயிற்சி வகுப்பில் கொடுத்த தாள் என்னிடம் இருக்கிறது, அதைத் திரும்ப எழுத வேண்டாம். விடச் சொன்ன பிறகு உங்கள் இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது? அதைச் சொல்லுங்கள்.

#2 | ஓபி டாக்டர்

சிஸ்டர், உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒன்றும் நடப்பதில்லை.

கேள், அறிவுரை சொல், தயாரா என்று பார், உதவு, திரும்ப வரச் சொல் என்று ஐந்து படி சொல்லிக் கொடுத்தார்கள். உலக சுகாதார அமைப்பு அதை மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம் என்கிறது. எனக்குக் காலை ஓபியில் ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அன்று கூட்டம் குறைவு என்று அர்த்தம். காய்ச்சல், நாய்க்கடி, முதியோர் உதவித்தொகைக்குச் சான்றிதழ், எல்லாம் அதற்குள்தான்.

இன்னொன்று. மனசு இருக்கிறவன் யாரும் சொல்லாமலே விடுவான். மனசு இல்லாதவனிடம் பேசுவது விழலுக்கு இறைத்த நீர். பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்குக் கேன்சர் படம் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தே விடாதவன் நான் சொன்னா விடப்போகிறான்?

#3 | நெஞ்சக மருத்துவர்

மேலே டாக்டர் சார் சொல்லும் நேரப் பிரச்சினையை ஒப்புக்கொள்கிறேன். "மனசு இருக்கிறவன்" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2016-17இல் எடுத்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியாவில் புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விட வேண்டும் என்று திட்டமோ யோசனையோ வைத்திருந்தார்கள். வாயில் போடுகிறவர்களில் 49.6 சதவீதம். ஆக, மனசு பாதிப் பேருக்கு ஏற்கெனவே இருக்கிறது. நம் பக்கக் கணக்கு என்ன தெரியுமா? மருத்துவரையோ செவிலியரையோ பார்த்த புகைப்பவர்களில் விடச் சொல்லி அறிவுரை கிடைத்தது 48.8 சதவீதம் பேருக்கு. வாயில் போடுகிறவர்களில் 31.7 சதவீதம் பேருக்குத்தான். மனசு குறைவு அவர்களிடமா நம்மிடமா?

நேரம் பற்றி. 1979இல் லண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் குழு ஓர் ஆய்வு செய்தது. சாதாரண கிளினிக் டாக்டர்கள் 28 பேர், புகைக்கும் நோயாளிகள் இரண்டாயிரம் பேருக்கு மேல். ஒன்றிரண்டு நிமிடம் விடச் சொல்லிவிட்டு, ஒரு துண்டறிக்கை கொடுத்து, "பிறகு உங்களை விசாரிப்போம்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஓராண்டு கழித்து அந்தக் குழுவில் 5.1 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். எதுவும் சொல்லாத குழுவில் 0.3 சதவீதம். ஐந்து சதவீதம் சின்ன எண்தான். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு, மாத்திரை இல்லாமல், அது மோசமில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று 2012இல் பால் அவேயார்ட் குழு பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. "விடுங்கள்" என்று அறிவுரை சொல்வதைவிட, "விடுவதற்கு இங்கே உதவி இருக்கிறது, தரட்டுமா" என்று கேட்டால் அதிகம் பேர் முயற்சி செய்கிறார்கள். விடத் தயார் என்று சொன்னவர்களிடம் மட்டுமல்ல, எல்லாரிடமும். அதனால் அந்த ஐந்து படியில் "தயாரா என்று பார்" என்கிற நடுப்படியை நான் தூக்கிவிட்டேன். பிரஷர் 160 இருப்பவரிடம் "மாத்திரை சாப்பிடத் தயாரா ஐயா" என்று முதலில் கேட்டுவிட்டா எழுதுகிறோம்? சிகிச்சை இது என்று சொல்கிறோம். வேண்டாம் என்றால் அவர் சொல்லட்டும்.

#4 | முன்னாள் தம்

நான் மருத்துவத் துறை இல்லை. நோயாளித் தரப்பிலிருந்து ஓர் ஆள் பேசலாமா?

இருபது வருடம் சிகரெட். நடுவில் ஓர் ஆஸ்பத்திரியில் வரிசையில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி டாக்டர் கத்தினார்: "காசு குடுத்து கேன்சர் வாங்குறியாய்யா?" பின்னால் நின்றவர் சிரித்தார். அதற்குப் பிறகு எந்த டாக்டர் கேட்டாலும் "பழக்கம் இல்லை" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். என்னை மாதிரி பொய் சொல்கிறவர்கள் உங்கள் வரிசையில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் நெஞ்சுவலி, ஸ்டென்ட், வார்டில் படுக்கை. அங்கே ஒரு நர்சம்மா வந்து கேட்டார், "காலைல எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல மொதல் சிகரெட்?" பல் தேய்ப்பதற்கு முன்னால் என்றேன். "எந்த சிகரெட்டை விடுறது ரொம்பக் கஷ்டம்னு நெனைக்கிறீங்க?" இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. காலையில் கக்கூஸ் போவதற்கு ஒன்று இழுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் வயிறு இளகாது என்று வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அந்தம்மா சிரிக்கவில்லை. விட்ட முதல் சில வாரம் மலச்சிக்கல் வரும், அது எல்லாருக்கும் வருவது, பயப்பட வேண்டாம் என்றார். எழுந்ததும் வெந்நீர், ராத்திரி இரண்டு வாழைப்பழம், முடிந்தால் கொய்யா, காலையில் ஒரு நடை. கஷ்டமாக இருந்தால் மருந்தும் தருகிறோம் என்றார். டீயை ஒரு மாதத்துக்கு வீட்டிலேயே குடி, கடைக்குப் போகாதே என்றார். டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வாரத்தில் போன் வந்தது.

அவ்வளவுதான். இருமல் மட்டும் விட்ட பிறகு கொஞ்சம் அதிகமானது, அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. "பீடி சிகரெட் பிடிக்கிறப்பகூட இப்படி இருமல" என்று வீட்டில் அம்மாவே சொன்னார். அந்த இடத்தில்தான் திரும்பத் தொடங்கப் பார்த்தேன்.

#5 | நெஞ்சக மருத்துவர்

முன்னாள் தம் அண்ணே, அந்த நர்ஸ் கேட்ட முதல் கேள்வியைப் பயிற்சியில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட, எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் புகை என்பது அடிமைத்தனத்தை நன்றாகக் காட்டும். அரை மணிக்குள் என்றால் வெறும் பேச்சு போதாது, மருந்து வேண்டும். எண்ணிக்கையில் எல்லாரும் குறைத்துச் சொல்வார்கள். இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

இருமல்: மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் மயிரிழைகள் புகையில்லாமல் மறுபடி வேலை செய்யத் தொடங்கும்போது முதல் சில வாரம் சளி வரும். விடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கோபம், தூக்கமின்மை எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் இறங்கும். பசி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் நீடிக்கும். முன்பே சொன்னால் "ஓ, இதுதான் அது" என்று தாங்கிக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் விட்டதால் உடம்பு கெட்டது என்று முடிவு கட்டுவார்கள். இருமல் மாதக்கணக்கில் நிற்காமல் போனாலோ ரத்தம் வந்தாலோ சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மாரடைப்பு வந்தவர் விட்டால் அடுத்த வருடங்களில் சாகும் அபாயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. நாம் எழுதிக் கொடுக்கும் எந்த ஒற்றை மாத்திரைக்கும் இது சளைத்ததல்ல. ஆனாலும் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகள் வரிசையாக இருக்கும், புகையிலை பற்றி ஒரு வரி இருக்காது. வார்டில் தொடங்கி, வீட்டுக்குப் போன பிறகும் ஒரு மாதமாவது தொடர்பில் இருந்தால்தான் பலன் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வார்டில் மட்டும் பேசிவிட்டு விட்டால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. அண்ணனுக்கு வந்த அந்தப் போன்தான் பாதி சிகிச்சை.

#6 | மருந்துக்கடை

மருந்து என்றதும் நான் வர வேண்டியதாயிற்று. நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கிப் போகிறவர் இரண்டாவது அட்டைக்குத் திரும்பி வருவது அபூர்வம். ஏன் என்று விசாரித்தால் எல்லாருக்கும் ஒரே பதில்: "தொண்டை எரியுது, விக்கல் வருது, வயித்தைப் புரட்டுது." பபிள்கம் மாதிரி சவக் சவக்கென்று மென்று எச்சிலை விழுங்குகிறார்கள். வயிற்றுக்குப் போன நிக்கோட்டினால் புண்ணியமில்லை, அது கன்னத்தின் உள்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும்.

நான் கடையிலேயே ஒன்றைப் பிரித்து வாயில் போடச் சொல்லிவிடுவேன். மெதுவாகப் பத்துப் பதினைந்து மெல்லு. நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்றதும் நிறுத்து. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வை. சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்லு, அடுத்த பக்கம் ஒதுக்கு. ஒன்று அரை மணி வரும். வாயில் ஒதுக்கும் ஹான்ஸ் புகையிலை வைத்துப் பழகியவர்களுக்கு இந்த ஒதுக்கும் வித்தையை நாம் சொல்லியே தர வேண்டாம், நமக்கே பாடம் எடுப்பார்கள்! வாயில் இருக்கும்போதும் அதற்குக் கால் மணி முன்பும் டீ, காபி, ஜூஸ் கூடாது. புளிப்பு இருந்தால் மருந்து ஏறாது. டீ குடித்த கையோடு போட்டுக்கொண்டு "ஒண்ணும் பண்ணல" என்று சொல்கிறவர்கள் நிறைய.

அப்புறம் கஞ்சத்தனம். ஒரு நாளைக்கு இரண்டு போட்டால் பத்தாது. முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணிக்கு ஒன்று, பிறகு மெல்ல மெல்லக் குறைத்து மூன்று மாதத்தில் நிறுத்துவது. எழுந்து அரை மணிக்குள் புகைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. நான்குக்கு டாக்டர் சீட்டு வேண்டும். டாக்டர்கள் "நிக்கோட்டின் கம்" என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். அளவு இல்லை, எத்தனை என்று இல்லை, எப்படி என்று இல்லை. வேறு எந்த மருந்துக்காவது இப்படி எழுதுவீர்களா?

ஒரு சங்கடம் மறைக்க வேண்டாம். சிகரெட்காரருக்கு இந்தச் செலவு பெரிதாகத் தெரியாது. பீடிக்காரருக்குக் கட்டாது. பீடிக்கட்டு விலைக்குச் சூயிங்கம் வராது.

#7 | பல் டாக்டர்

எல்லாரும் புகையையே பேசுகிறோம். நாட்டில் பெரியவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், வாயில் போடுகிறவர்கள் 21.4 சதவீதம். இரண்டு மடங்கு. அதே கணக்கெடுப்புதான்.

சிஸ்டர், உங்கள் பாட்டிமாரிடம் "புகையிலை பழக்கம் உண்டா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அது பழக்கம் இல்லை, சாப்பாட்டுக்குப் பின் தாம்பூலம். "வெத்தலை போடுவீங்களா பாட்டி? கூட என்னென்ன வைப்பீங்க?" என்று கேளுங்கள். பாக்கு, சுண்ணாம்பு என்று விரல்விட்டு வரும்போது போயிலையும் தானாக வரும். பையன்களிடம் பெயர் சொல்லியே கேட்க வேண்டும்: ஹான்ஸ் வைப்பியா, கூல் லிப் வைப்பியா. தமிழ்நாட்டில் 2013 முதல் தடை என்பதால் ஏதோ போலீஸ் கேள்வி என்று பயப்படுவார்கள். "உன் வாயைப் பாக்கத்தான் கேக்குறேன்" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

நான் செய்வது ஒன்றே ஒன்று. கையில் கண்ணாடி கொடுத்து, உதட்டை இழுத்துப் பிடித்து, அவர் பொட்டலம் வைக்கும் இடத்தை அவரையே பார்க்கச் சொல்வேன். சுருங்கி வெளுத்துப்போய் இருக்கும். எதிர்ப்பக்கத்தையும் காட்டுவேன், அது சிவப்பாக, வழவழவென்று. யாரோ ஒருவருடைய கேன்சர் படம் வேறு, தன் வாயே வேறு. அதோடு நிறுத்தக் கூடாது. புகையிலையை நிறுத்தினால் இது பெரும்பாலும் மாறும், மாதம் ஒருமுறை நீங்களே கண்ணாடியில் பாருங்கள், ஆறு வாரத்தில் நானும் பார்க்கிறேன் என்று தேதி எழுதித் தருவேன். ஆறாத புண், சிவந்த திட்டு என்றால் பயாப்ஸி (சதை எடுத்துப் பரிசோதனை), அதற்குத் தவணை கிடையாது.

பல்வலிக்குப் புகையிலை வைக்கத் தொடங்கியவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்தப் பல்லைப் பிடுங்காமல் விடச் சொல்வது வீண் வேலை. முதலில் பல்.

மருந்துக்கடை அண்ணாச்சி கவனத்துக்கு: பாக்கு போட்டு வாய் இறுகிப்போனவர்களுக்கு மூன்று விரல்கூட உள்ளே போகாது, கட்டுப்பல்காரர்களுக்கு கம் ஒட்டிக்கொள்ளும். இவர்களுக்குச் சூயிங்கம் எழுதக் கூடாது. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச்தான். வெறும் பாக்குதானே என்று கேட்பார்கள். புகையிலை இல்லாத பாக்கே புற்றுநோய் தருவதுதான்.

#8 | நவீன்_கிளவுட்

எதுக்கு இவ்வளவு கஷ்டம்? வேப் வாங்கிக் கொடுங்க, வேலை முடிஞ்சுது. என்கிட்ட நல்ல விலைக்கு [இணைப்பு நீக்கப்பட்டது]

#9 | நெறியாளர்

இ-சிகரெட் தயாரிப்பு, விற்பனை, விளம்பரம் எல்லாம் 2019 சட்டப்படி இந்தியாவில் தடை. விற்பனை இணைப்புகள் இங்கே வேண்டாம்.

#10 | நெஞ்சக மருத்துவர்

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகளில் நிக்கோட்டின் இ-சிகரெட் சிலருக்குச் சிகரெட்டை விட உதவியிருக்கிறது. ஆனால் கட்டுப்பாட்டோடு விற்கும் நாட்டுக் கதை அது. இங்கே கள்ளத்தனமாக வரும் பொருளில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்த டாக்டரும் எழுத முடியாது. இந்தப் பேச்சை இத்துடன் விடுவோம்.

#11 | காசநோய்க் களம்

காசநோய்ப் பிரிவில் மேற்பார்வையாளர். இந்த இழையில் எங்கள் ஆட்கள் யாரும் வராதது ஆச்சரியம். சென்னையிலும் விழுப்புரத்திலும் இறந்த 43,000 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. நகர்ப்புறத்தில் புகைத்தவர்கள் காசநோயால் சாவது புகைக்காதவர்களைப் போல் நான்கரை மடங்கு. ஊரார் ஆய்வில்லை, நம் ஆட்களின் கணக்கு.

எங்களுக்கு ஒரு வசதி உண்டு. நோயாளி ஆறு மாதம் கையில் இருக்கிறார். முதல் மாதத்தில் அவருக்கே பீடி கசக்கும், இருமலில் இழுக்க முடியாது. தானாக நிறுத்திவிடுவார். எல்லாரும் "விட்டுட்டாருங்க" என்று எழுதி மூடிவிடுவார்கள். இரண்டாம் மாத முடிவில் இருமல் அடங்கி, சோறு இறங்கி, உடம்பு தேறியதும் டீக்கடை கூப்பிடும். திரும்பத் தொடங்குவது அங்கேதான். அதனால் நாங்கள் கேள்வியை முதல் நாளில் கேட்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு முறை மாத்திரை வாங்க வரும்போதும் கேட்கிறோம். "இந்த மாசம் எப்படி, ஒண்ணாவது இழுத்தீங்களா?" இழுத்தேன் என்றால் திட்டு கிடையாது. எங்கே, யாரோடு, எந்நேரம் என்று மட்டும் கேட்போம். பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: சாவு வீடு, கல்யாண வீடு, சரக்கு. சரக்கு அடித்த அன்று விட்டவன் எவனும் தாங்குவதில்லை. அதையும் சேர்த்துப் பேசாமல் புகையை மட்டும் பேசினால் நிற்காது.

#12 | மனநல வார்டு

யாரும் தொடாத ஒரு விஷயம். நோயாளி புகையை விட்டால் சில மருந்துகளின் அளவு ரத்தத்தில் ஏறும். புகையில் உள்ள தார்ப்பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிட்டு அந்த மருந்துகளைச் சீக்கிரம் கரைத்துக்கொண்டிருக்கும். புகை நின்றதும் அந்த வேகம் சில நாளில் குறையும், அதே மாத்திரை அதிகமாகத் தங்கும்.

எங்கள் வார்டில் இது குளோசபின், ஒலான்சபின் என்கிற மனநோய் மருந்துகள். வெளியில் இருப்பவர்களுக்கு முக்கியமானது டெரிஃபிலின். இழுப்புக்கு அதை வருடக்கணக்கில் சாப்பிடும் பீடிக்காரர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். பீடியை விட்ட ஒரு வாரத்தில் படபடப்பு, வாந்தி, கை நடுக்கம் என்று வருவார். "பீடியை விட்டதால வர்ற தவிப்பு" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மருந்து ஏறியிருக்கலாம், டாக்டர் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். காபியும் அப்படியே. வழக்கமான நான்கு காபி, புகையை விட்ட பிறகு ஏழு எட்டு காபி மாதிரி வேலை செய்யும், தூக்கம் போகும். பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

இதற்குக் காரணம் புகை, நிக்கோட்டின் இல்லை. பேட்ச் ஒட்டினாலும் இது நடக்கும். வாயில் போடுகிறவர் விட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. சிஸ்டர், உங்கள் இன்சுலின் நோயாளிகள் புகையை விட்டால் முதல் சில வாரம் சுகரைக் கொஞ்சம் அடிக்கடி பாருங்கள்.

மனநோயாளிகளுக்குப் புகைதானே ஒரே நிம்மதி, அதையும் பிடுங்குவானேன் என்று எங்கள் ஆட்களே சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்கள் சீக்கிரம் சாவதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

#13 | ஓபி டாக்டர்

நிறையப் படித்தேன். டெரிஃபிலின் விஷயம் நல்ல பாயின்ட். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. சூயிங்கம் பற்றி அண்ணாச்சி எழுதியதைச் சொல்லிக்கொடுக்கவே எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருந்தகத்தில் அது இருக்கவும் வேண்டும். எங்கள் மருந்தகத்தில் இல்லை. நான் எதைத் "தரட்டுமா" என்று கேட்பது?

வேறு மாத்திரைகள் பற்றி யாராவது சுருக்கமாகச் சொல்லுங்கள். தற்கொலை எண்ணம் வரும் என்று ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டு எழுதுவதே இல்லை.

#14 | நெஞ்சக மருத்துவர்

அது வரெனிக்ளின். 2016இல் எட்டாயிரம் பேரை வைத்து, மனநோய் உள்ளவர்களையும் சேர்த்து, பெரிய ஆய்வு வந்தது. மனநலக் கோளாறுகள் குறிப்பிடும்படி கூடவில்லை. அமெரிக்காவில் பெட்டியில் போட்டிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையை அந்த ஆண்டே எடுத்துவிட்டார்கள். விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பு தொடங்க வேண்டும்: 0.5 மில்லிகிராம் மூன்று நாள் ஒரு வேளை, அடுத்த நான்கு நாள் இரு வேளை, பிறகு 1 மில்லிகிராம் இரு வேளை, மொத்தம் 12 வாரம். குமட்டும், சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு கொடுங்கள். சிறுநீரகம் மோசமாக இருந்தால் அளவு குறைய வேண்டும். புப்ரோபியான் இன்னொன்று, வலிப்பு வந்தவர்களுக்குக் கூடாது. பேட்ச்சும் கம்மும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது. 2024இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டியில் இவை எல்லாமே உண்டு.

மருந்து கையில் இல்லாதபோது என்ன தருவது என்றால், தொலைபேசி எண் தரலாம். 1800-11-2356, கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள். 2018 முதல் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சிட்டிருக்கிறது, கேன்சர் படத்துக்குக் கீழே இருப்பதால் யாரும் படிப்பதில்லை. "போன் பண்ணுங்க" என்று சொன்னால் பண்ண மாட்டார்கள். உங்கள் எதிரில் அவர் போனிலேயே போடச் சொல்லுங்கள். அல்லது பிரஷர் பார்க்கும் மேசையில் போடட்டும், உங்கள் நேரம் போகாது. கேட்பதும் சொல்வதும் அங்கே நடந்துவிட்டால், உங்கள் மேசைக்கு வரும் சீட்டில் குறிப்பு இருக்கும். நீங்கள் சொல்ல வேண்டியது ஒரு வரி: "சிஸ்டர் சொன்னாங்கல்ல, அதுதான் உங்களுக்கு இப்ப முக்கியமான மருந்து." டாக்டர் வாயால் வரும் அந்த ஒரு வரிக்கு மதிப்பு தனி.

#15 | ஓபி டாக்டர்

ஒரு வரி என்றால் சரி. ஆனால் பிரஷர் மேசையில் இருக்கும் சிஸ்டருக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்க மாட்டீர்களா? அவர்தான் ஊசி போடுகிறார், அவர்தான் கணினியில் ஏற்றுகிறார். வேலையை டாக்டரிடமிருந்து நர்சுக்குத் தள்ளுவது தீர்வு ஆகாது. ஆலோசகர் ஒருவரைப் போட வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில் புகையிலை நிறுத்த மையம் இருக்கிறது என்பார்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போய்வர ஒரு நாள் கூலி போகும்.

#16 | என்சிடி சிஸ்டர்

டாக்டர் சார் எனக்காகப் பேசியதற்கு நன்றி, நிஜமாகவே. ஆனால் மாத்திரை எண்ணிக் கொடுக்கும் நேரத்தில் இரண்டு கேள்வி கேட்க முடியும். எழுந்து எவ்வளவு நேரத்தில், எதை விடுவது கஷ்டம். நாளையிலிருந்து அதைத்தான் கேட்கப் போகிறேன். பதிலை என்சிடி அட்டையில் பிரஷர் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டால் அடுத்த மாதம் மறக்காது. எல்லாரிடமும் முடியாது. முதலில் மாரடைப்பு வந்தவர்கள், கால் புண் ஆறாத சுகர்காரர்கள், டெரிஃபிலின் சாப்பிடுகிறவர்கள்.

போன் பண்ணி விசாரிப்பதற்குத் தன்னார்வலர் அக்காமாரைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். அவர்கள் மாதாமாதம் மாத்திரை கொடுக்க அந்த வீட்டுக்கு எப்படியும் போகிறார்கள். ஆனால் அவர்களில் பாதிப் பேர் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள். "எங்க பொழப்புல மண்ணைப் போடச் சொல்றீங்களா சிஸ்டர்" என்று ஒரு அக்கா கேட்டுவிட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொரு சந்தேகம். கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் பலர் பீடி, சிகரெட், சரக்கு எல்லாம் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மண்டலம் முழுக்கத் தொடுவதில்லை. மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றியதும் அன்றே டீக்கடையில் நிற்கிறார்கள். இதை ஏதாவது செய்ய முடியுமா?

#17 | காசநோய்க் களம்

சிஸ்டர், நாங்கள் ஒவ்வொரு வருடமும் இதைச் செய்கிறோம். ரம்ஜானுக்கும் இதே கதைதான், பகல் முழுக்க இருக்க முடிந்தவருக்கு நோன்பு திறந்ததும் முதல் ஒன்றுதான் வில்லன்.

ஒரு மண்டலம் தாண்டியவருக்கு உடம்புத் தவிப்பு முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது பழக்கமும் கூட்டாளிகளும்தான். அவருக்கு மருந்து வேண்டியதில்லை. மாலை போட்டவர் மாத்திரை வாங்க வரும்போது எந்தத் தேதியில் மலைக்குப் போகிறார், எப்போது இறங்குகிறார் என்று கேட்டு அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பிறகு பேசினால் தாமதம். கிளம்புவதற்கு முன்பே பேசிவிட வேண்டும்: "சாமி, இத்தனை நாள் உங்களால இருக்க முடிஞ்சுது. மாலையைக் கழட்டுற அன்னிக்கு யாரு மொதல்ல நீட்டுவாங்க?" ஆள் பெயரைச் சொல்வார். குருசாமியிடமும் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். எங்கள் ஊரில் ஒரு குருசாமி மாலை கழற்றும்போது "இதை மட்டும் திரும்ப எடுக்காதே" என்று தனியாகச் சொல்லி அனுப்புகிறார், டாக்டர் பேச்சைக் கேட்காதவர்கள் அவர் பேச்சைக் கேட்கிறார்கள். இறங்கிய மூன்றாம் நாள் ஒரு போன், அடுத்த வாரம் ஒரு போன்.

அந்தத் தன்னார்வலர் அக்காவின் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. எங்கள் பகுதியில் பீடி சுற்றும் பெண்களிடம் புகையிலைத் தூசி, இருமல், கழுத்துவலி பற்றி விசாரிக்கத் தொடங்கினோம். பிழைப்பைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பிறகு அவர்களே வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உங்கள் பக்கம் அப்படி நடக்குமா என்று பாருங்கள்.